மணிக்கு விழுந்த விமானம்

எங்கள் டைப் கிளாஸில் கையைப் பார்ப்பவர்களுக்கு இடமில்லை. சேர்ந்த முதல் நாளே சார் சொல்லிவிடுவார்: "கண்ணு காயிதத்துல இருக்கணும். கையப் பாத்தின்னா அப்பிடியே எழுந்து வூட்டுக்குப் போயிடு." யாராவது திருட்டுத்தனமாகக் குனிகிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் கைகளின் மேல் ஒரு துண்டை விரித்துவிடுவார். எத்தனையோ பேருடைய வியர்வையைக் குடித்த துண்டு அது. அதைத் துவைத்து நான் பார்த்ததில்லை. துண்டுக்கு அடியில் விரல்கள் அவை பாட்டுக்கு ஓடும், கண் காகிதத்தில் நிற்கும். செஞ்சியில் பாதிப் பேர் டைப் பரீட்சையில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணியது இப்படித்தான். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் வேர் இந்தத் துண்டுக்கு அடியில் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில், சாருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் பீரோ அளவுக்கு ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். வந்தது ஸ்வீட் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை. அதில் அழிரப்பர் போல அமுங்கும் கீக்கள். அதை டிவியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பக்கத்தில் பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரை வைத்து ஒரு கேசட்டைப் போட்டால், அடிபட்ட பூனை போல அது கத்திக்கொண்டே இருக்கும். கத்தி ஓய்ந்த பிறகு டிவியில் ஏதோ ஒன்று வரும், அல்லது ஒன்றும் வராது.

மறுநாளே வாசல் போர்டில் 'டைப்ரைட்டிங்' என்பதற்குக் கீழே 'கம்ப்யூட்டர்' என்று பெயிண்டில் எழுதிவிட்டார் சார். ஆனால் உள்ளே ஒரு சிக்கல் வந்தது. டைப்ரைட்டரில் வரி முடியப்போகும்போது ஒரு மணி அடிக்கும். மணி அடித்ததும் இடது கை தானாகத் தூக்கி, மேலே இருக்கும் லீவரைத் தள்ளி, அடுத்த வரிக்குப் போகும். கம்ப்யூட்டரில் லீவர் கிடையாது. எனக்குத்தான் முதலில் அது நடந்தது. கரண்ட் போடாத பலகையில் விரல் பழக ஒரு வரி அடித்து முடித்ததும் என் இடது கை பழக்கதோஷத்தில் எழும்பி, டேப் ரெக்கார்டரை ஓங்கி அறைந்து கீழே தள்ளிவிட்டது. சார் அரண்டு போனார்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க. நாம தொட்டிலயே மாத்திடுவோம்" என்றார். மேசை விளிம்பில் ஒரு சைக்கிள் பெல்லை முடுக்கினார். கம்ப்யூட்டரில் வலது கை ஓரமாக எண்டர் என்று ஒரு கீ உண்டு. அடுத்த வரிக்குப் போக அதுதான். மணி அடித்தால் வலது சுண்டுவிரல் எண்டரை அடிக்க வேண்டும், கண் அசையக் கூடாது, கை மேல் துண்டு. கரண்ட் கூடப் போடாமல், அணைந்து கிடக்கும் டிவியைப் பார்த்துக்கொண்டே சாரும் நாங்களும் சேர்ந்து அந்தப் பயிற்சியைச் செய்தோம். ணிங் என்றால் சுண்டுவிரல். வாரக்கணக்கில் அதே வேலை. எனக்குக் கனவில்கூட சைக்கிள் வந்தது.

கடைசியில் பார்த்தால் கம்ப்யூட்டர் வரி முடிவில் மணியே அடிக்கவில்லை. அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போனது. அத்தனை பயிற்சியும் வீண் என்று தெரிந்த அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் சார் முகம் சுண்டிப் போனது. பெல்லைக் கழற்றித் தன் சைக்கிளிலேயே மாட்டிக்கொண்டார். நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

மச்சான் கொண்டுவந்த கேசட்டுகளில் பாதி வழியிலேயே வெயிலில் வெந்துபோயிருந்தன. உருப்படியாக ஓடியது ஒன்றே ஒன்று. விமானம் ஓட்டுகிற கேசட். யாரோ யாரிடமோ வாங்கி, காப்பியிலிருந்து காப்பி எடுத்த சரக்கு அது. டிவியில் மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் ஒரு கோடு. முக்கோணம் முக்கோணமாக மலைகள். சன்னலைத் திறந்தால் ராஜகிரி கோட்டை அப்படியே தெரிகிற ஊரில் இருந்துகொண்டு அந்த முக்கோணங்களைப் பார்த்து வாயைப் பிளந்தோம் என்றால், டிவி செய்கிற மாயம் அது.

என்னோடு வாயைப் பிளந்தவள் என் சிநேகிதி. மேல்சித்தாமூரிலிருந்து தினம் பஸ் ஏறி வருவாள். ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஹையரில் என்னைவிட வேகம், என்னைவிடச் சுத்தம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அவளுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. கம்ப்யூட்டர் கோளாறுக்குப் பூச்சி என்று பெயர் என்று சார் விளக்கியபோது, முகத்தைக் கொஞ்சம்கூட மாற்றாமல், "அப்ப அதக் கொல்லாம எடுக்க முடியுமா சார்?" என்று கேட்டவள் அவள்தான்.

பூச்சிக்குப் பஞ்சமே இல்லை அந்த விமானத்தில். இடது பக்கம் வேகமாகத் திருப்பினால் வானமும் பூமியும் இடம் மாறிக்கொள்ளும், ஏரி தலைக்கு மேல் தொங்கும். கடைசி விமான தளத்தில் இரண்டு ஓடுபாதை தெரியும். வலது பக்கம் இருப்பது நிஜம். இடது பக்கம் இருப்பது வெறும் படம். அதில் இறங்கினால் விமானம் தரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், கிணற்றுக்குள் பறப்பது போல பூமிக்கடியில் பறந்துகொண்டே இருக்கும். முதல் தடவை அது நடந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செத்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.

அந்த வருஷம் பாண்டிச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் புதிதாகத் திறந்தார்கள். அதை ஆரம்பித்தவருக்கு விமானம் என்றால் பைத்தியம். அவரிடமும் இதே கேசட்தான், இதே பூச்சிகளோடு. அவர் ஒரு போட்டி வைத்தார். படத்தில் இருக்கிற தேசத்தின் மேற்குக் கரையில் கிளம்பி, நடுவில் இரண்டு தளங்களில் இறங்கி ஏறி, கிழக்குக் கரையில் கடைசித் தளத்தில் பத்திரமாக இறங்க வேண்டும். ஒரே மூச்சில், எல்லோர் முன்னிலையிலும். அரை மணி நேரம் ஆகும். இறங்குகிறவருக்கு சென்டரில் இன்ஸ்ட்ரக்டர் வேலை. ஒரே ஒரு வேலை. பொண்ணும் வரலாம் என்று நோட்டீஸில் தனியாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். உயிரைக் கொடுத்தாவது வேண்டும். அவலூர்பேட்டையில் மண்டி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மாப்பிள்ளை பார்க்க மோசமில்லை, ஆனால் வந்த அன்று என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி மாவு அரைக்கத் தெரியுமா என்பது. நைனாவிடம் அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, ஒரு வாக்கு வாங்கினேன். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு நிற்கும், கிடைக்காவிட்டால் ஆவணியில் தாலி.

என் சிநேகிதிக்கும் அதே வேலை வேண்டும். "பாசு பண்ணியாச்சு, அப்பால எதுக்கு தெனம் பஸ்ஸு" என்று அவள் அண்ணன் கேட்க ஆரம்பித்திருந்தார். இந்தப் போட்டியோடு செஞ்சிக்கு வருவது கடைசி என்று சொல்லிவிட்டாராம். இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி. நாங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். யாருக்குக் கிடைத்தாலும் இன்னொருத்தி மூஞ்சியைத் தூக்கக் கூடாது. ஒப்பந்தம் போடும்போது அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

தயாரிப்பு என்றால் சாதாரணத் தயாரிப்பு இல்லை. கரண்டோடு முதல் சண்டை. மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் சுற்றுவட்டாரக் கடலைக்காட்டில் அத்தனை மோட்டாரும் ஒன்றாக ஓடும். டிவியில் படம் சுருங்கிச் சுருங்கிக் கையகலத்துக்கு வரும். பிறகு எல்லாம் போய்விடும். மறுபடி பூனைக் கத்தலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வானத்தில் போகிற என் விமானத்தைத் தண்ணீர் பாய்ச்சியே சுட்டு வீழ்த்தினார்கள் எங்கள் விவசாயிகள். என் நைனாவும் அதில் ஒருவர். எந்த நேரம் மோட்டார் ஓடாது என்று அவரிடமே கேட்டு, அந்த நேரத்துக்குப் பறந்தோம்.

அதையெல்லாம் சமாளித்தோம். எங்களால் சமாளிக்க முடியாதது மணிதான்.

அந்த தேசத்தின் படம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குள் விமானம் நுழையும்போது ணிங் என்று ஒரு மணி. மணி அடித்த மறுநொடி இன்ஜின் நின்றுவிடும். நான் ஓட்டினாலும் நிற்கும், சிநேகிதி ஓட்டினாலும் நிற்கும், சார் ஓட்டினாலும் நிற்கும். ஏதோ ஒரு சமயம் நிற்காமல் போகும், அது எங்கள் அதிர்ஷ்டம். எண்டர் கீயை அழுத்தினால் இன்ஜின் மறுபடி ஓடும். ஆனால் சூடு பிடிக்க நேரமாகும், அதற்குள் விமானம் கல் போல இறங்கிவிடும்.  இரைச்சல் திடீரென்று நின்று, பச்சை மட்டும் மேலே மேலே வரும். ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. பழகவே இல்லை.

"பெரிய பூச்சி இதுதான்" என்றார் சார். விமானம் ஓட்டும்போதும் கை மேல் துண்டு போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். "போட்டியில கையப் பாத்தா நம்ம இன்ஸ்டிடியூட் மானம் போயிடும்."

பூச்சிக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தோம். மணி வரும் இடம் நெருங்கும்போது விமானத்தை முடிந்த மட்டும் உயரே ஏற்றிவிடுவது. இன்ஜின் நின்றாலும் விழுந்து முடிப்பதற்குள் மறுபடி ஓடவைத்துவிடலாம். வைத்தியம் பலித்தது. ஆனால் ஏறி ஏறிப் பெட்ரோல் தீர்ந்தது. இரண்டாவது தளத்தில் பெட்ரோல் நிரம்பாது, அது இன்னொரு பூச்சி. பயணத்தின் கடைசிப் பகுதியில் உயரே ஏற வழியில்லை. தாழ்வாகப் போக வேண்டும், அங்கே வரும் மணிக்கு இன்ஜின் நிற்காமல் இருக்கச் சாமியைக் கும்பிட வேண்டும். முழுப் பெட்ரோலோடு பக்கத்துத் தளத்தில் கிளம்பித்தான் கடைசித் தளத்தைப் பார்த்திருக்கிறோம்; மேற்கிலிருந்து கிளம்பி ஒரு தடவைகூட நாங்கள் கிழக்குக் கரையைத் தொட்டதில்லை.

ஒருநாள் மத்தியானம் நைனா கிளாஸுக்கு வந்தார். மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஆசை. நான் வீட்டில் அந்த மெசினை எவ்வளவு திட்டியிருப்பேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கிண்டல் பண்ணுவார். "நீயே ஓட்டிப் பாரு நைனா, அப்ப தெரியும்" என்று நாற்காலியில் உட்காரவைத்தேன். அவருக்குத் துண்டு எதுக்கு என்று சார் விட்டுவிட்டார். மேலே போக ஒரு கீ, கீழே வர ஒரு கீ. மண் ஏறிய இரண்டு விரலால் குத்திக் குத்தி ஓட்டினார். ணிங் என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரைச்சல் நிற்கவில்லை.

அடுத்த மணியும் வந்தது. அப்போதும் நிற்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன்.

"இன்னாம்மா, வுழுந்துடும்னியே" என்றார் நைனா.

"பெரியவங்கள பாத்தா மெசினு அடங்குது போல" என்றாள் சிநேகிதி. இன்னைக்கு வோல்டேஜ் நன்றாக இருக்கிறது, அதுதான் காரணம் என்றார் சார். நைனா எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். சார் துண்டை விரித்தார். முதல் மணிக்கே இன்ஜின் நின்றது. எனக்கு அந்தப் பலகையைத் தூக்கித் தெருவில் வீசலாம் போல ஆத்திரம் வந்தது.

போட்டிக்குக் கிளம்பினோம். செஞ்சியிலிருந்து திண்டிவனம், அங்கே பஸ் மாறிப் பாண்டிச்சேரி. சார், அவள், நான். சென்டர் மாடியில் இருந்தது. கோயில் போல வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏசி. என் பாதம் சில்லிட்டுப் போனது. சார் பையிலிருந்து துண்டை எடுத்தார். "அதெல்லாம் வேணாம் சார், கை எல்லாருக்கும் தெரியணும்" என்று மறுத்துவிட்டார்கள். சார் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "தெரியட்டும். நீங்க பாக்காதீங்க" என்று எங்கள் காதில் சொன்னார்.

காலேஜ் பையன்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருவனுக்கு வானம் தலைகீழாகி ஏரியில் முட்டினான். இன்னொருவன் கடைசி வரைக்கும் போய், இடது பக்கத்துப் பொய் ஓடுபாதையில் இறங்கிப் பூமிக்குள் போய்விட்டான். அவன்களுக்குப் பூச்சிகளின் வழி தெரியவில்லை. ஆனால் நான் கவனித்தது வேறு. ஒரு பையனுக்குக்கூட மணிக்கு இன்ஜின் நிற்கவில்லை. மணி மேல் மணி கடந்து சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தான்கள். "அது நம்ம செஞ்சி மெசினோட பூச்சி போலடி, இங்க இல்ல" என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். 

மத்தியானம் போய்விட்டது. எங்கள் முறை வந்தபோது அவள் கேட்டாள்: "நான் மொதல்ல போகட்டாடி? பொழுது சாயறதுக்குள்ள சாப்டணும்." அதிலென்ன, போ என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். பார்க்கிறவர்களுக்காக சென்டர்காரர் ஒரு கல்யாண வீடியோக்காரரைப் பிடித்து வந்திருந்தார். அவர் விமானம் பறக்கும் டிவியைக் கேமராவில் எடுக்க, அது அடுத்த டிவியில் கூட்டத்துக்குத் தெரிந்தது. நான் அவள் திரையை மட்டும் பார்த்தேன். முதல் மணி. இன்ஜின் நின்றது.

என் தலையில் யாரோ கல்லைப் போட்டது போல இருந்தது. பையன்களுக்கு நிற்காதது இவளுக்கு மட்டும் ஏன் நிற்கிறது? அவள் கலங்கவில்லை. விமானத்தை ஓடவைத்தாள். அடுத்த மணிக்கு முன்னால் உயரே ஏறினாள். வைத்தியம் தவறாமல் செய்துகொண்டே இரண்டு தளத்திலும் பூப்போல இறங்கி ஏறினாள். கூட்டம் பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கடைசிப் பகுதி. பெட்ரோல் இல்லை. தாழ்வாகப் போனாள். கிழக்குக் கரையின் நீலக் கோடு தெரிந்தது. கடைசி மணி அடித்தது. இரைச்சல் நின்றது. பச்சை மேலே வந்தது, அவ்வளவுதான்.

அவள் எழுந்து, நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ நல்லா பண்ணுடி" என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரோடு வெளியே வராந்தாவுக்குப் போனாள்.

நான் உட்கார்ந்தேன். "டிவிய எடுத்தா கோடு கோடா ஓடுது, ஒண்ணும் தெரியல" என்று வீடியோக்காரர் யாரிடமோ சொல்வது கேட்டது. கேமராவை இறக்கி என் கைகள் பக்கம் திருப்பினார். நான் கவனிக்கவில்லை. மேற்குக் கரையிலிருந்து கிளம்பினேன். மணிக்கு மணி ஏறினேன். இன்ஜின் நின்றது, ஓடவைத்தேன். முதல் தளம் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மெசினின் வம்சத்தையே மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மணிக்காக ஏறும்போது, பக்கத்து டிவி ஓரக்கண்ணில் பட்டது. அதில் இரண்டு கைகள். பெரிசு பெரிசாக. யார் கை என்று யோசிக்கவில்லை. ணிங் என்றது. அந்தப் படத்தில் வலது சுண்டுவிரல் துள்ளி, எண்டர் கீயை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தது. இரைச்சல் நின்றது.

யாரோ என் இன்ஜினை நிறுத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கூப்பிட்டுச் சண்டை போட வாயைத் திறந்தேன். அப்போது அந்தச் சுண்டுவிரல் நுனியில் மருதாணி தெரிந்தது. மாமா மகள் கல்யாணத்துக்கு வைத்தது, பாதி அழிந்து ஆரஞ்சாக இருந்தது.

வேர்த்துவிட்டது எனக்கு, அந்த ஏசியில். நின்ற இன்ஜினை ஓடவைக்கிற எண்டர், ஓடுகிற இன்ஜினை நிறுத்தவும் செய்யும். விமானம் பாதி தூரம் விழுந்த பிறகுதான் அதை ஓடவைக்கவே தோன்றியது. அடுத்த மணிக்குப் பக்கத்து டிவியையே பார்த்தேன். தட்டாதே, தட்டாதே என்று விரலுக்குச் சொன்னேன். ணிங். தட்டியது. தட்டியது எனக்குத் தெரியவே இல்லை. விரலில் எந்த உணர்ச்சியும் இல்லை. டிவியில் பார்த்திராவிட்டால் கோயிலில் கற்பூரம் அணைத்து இல்லை என்று சொல்லியிருப்பேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மாதக்கணக்கில் மேய்ந்திருக்கிறது.

இரண்டாவது தளத்தில் இறங்கினேன். கடைசிப் பகுதி பாக்கி. விமானத்தைக் கிளப்பி நேராக்கியதும், வலது கையை எடுத்து என் தொடைக்கடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கூட்டத்தில் சலசலப்பு. ஒரே கையால் ஓட்ட வேண்டுமானால் எந்தக் கீ எங்கே என்று பார்க்க வேண்டும். குனிந்து கீக்களைப் பார்த்தேன்.

"கையப் பாக்காத" என்று பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு அறைந்தது போலக் கேட்டது. நான் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

தாழ்வாகப் போனேன். மணி அடித்தது. தொடைக்கடியில் விரல் புழு போல நெளிந்து நாற்காலியை அமுக்கியது. இரைச்சல் நிற்கவில்லை. விமானம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் என்னை உலுக்கிப் போட்டது. இத்தனை நாளும் இது இப்படித்தான் போயிருக்கும், நாங்கள் விட்டிருந்தால். அவள் விழுந்த அந்த மணியும் வந்தது. அதையும் தாண்டினேன். வலது பக்கத்து ஓடுபாதையில் இறங்கி நிறுத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, அது சந்தோஷ அழுகை இல்லை.

சென்டர்காரரிடம் போய் நின்றேன். "சார், என் சிநேகிதி இன்னொரு தடவ ஓட்டணும். அவ ப்ளேனு தானா வுழல. எங்க வெரலே நிறுத்திடுச்சு. அவளுக்கு அது தெரியாது. உங்க வீடியோவுல என் வெரலு இருக்குது பாருங்க." மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை.

"விரல் அவங்களோடதுதானேம்மா?" என்றார்.

சண்டை போடுவதில் எனக்கு இணை கிடையாது என்று ஊரே சொல்லும். 

திரும்பினேன். சார் நாற்காலியில் உட்கார்ந்தபடி பக்கத்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் கேசட்டைப் பின்னால் ஓட்டி, ஓடுகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். ணிங், சுண்டுவிரல். ணிங், சுண்டுவிரல். சார் மடியில் இருந்த துண்டு கீழே விழுந்து கிடந்தது. அவர் எடுக்கவில்லை.

வராந்தாவில் அவள் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"எறங்கிட்டியா?"

"ம்."

ஒப்பந்தப்படி முகம் மலர்ந்தாள். நிஜமாகவே மலர்ந்தாள். "மணிக்கு நிக்கலியா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு மறைக்க வராது. சைக்கிள் பெல்லிலிருந்து மருதாணி வரைக்கும் சொன்னேன். அவள் ஈரக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னோடதும் தட்டிருக்குமா?"

"ஆமாண்டி."

"அப்ப மெசினுல அந்தப் பூச்சி இல்லவே இல்லியா" என்றாள்.  அவள் என்னைத் திட்டியிருந்தால், கேமராவைத் திருப்பின ஆளைத் திட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நான் முதலில் உட்கார்ந்திருந்தால் விழுந்தவள் நான். சாப்பாட்டு நேரம் முந்திக்கொண்டதால் அவள்.

திண்டிவனத்தில் பஸ் மாறினோம். பெண்கள் சீட்டில் நாங்கள் இரண்டு பேர். கூட்டத்தில் இடம் இல்லாமல் சார் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார்.  வல்லம் தாண்டும்போது, யாரிடம் என்றில்லாமல், "எத்தினி பேருக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டேன். அடுத்த மாதம் நான் சம்பளக்காரி, அவலூர்பேட்டைக்காரர்களுக்கு நைனா பதில் சொல்லிவிடுவார். மனசு துள்ளியிருக்க வேண்டும். பக்கத்தில் அவள் தோள் உரசிக்கொண்டே வந்தது. என்னால் அசையக்கூட முடியவில்லை.

சித்தாமூர் பிரியும் கூட்ரோட்டில் பஸ் நின்றது. அவள் அண்ணன் சைக்கிளோடு காத்திருந்தார். இருட்டில் தங்கை எந்த சன்னலில் இருக்கிறாள் என்று தெரியாமல், கூப்பிடுவதற்காக பெல்லை அடித்தார்.

ணிங்.

முன்சீட்டின் இரும்புக் கம்பியில் எங்கள் மூன்று பேர் கையும் இருந்தது. மூன்று சுண்டுவிரலும் ஒன்றாகக் கம்பியை அழுத்தின. நான் பார்த்தேன், அவள் பார்த்தாள், சாரும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று பேரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சார் கம்பியிலிருந்து கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவள் கேரியரை எடுத்துக்கொண்டு, "வரேன்டி, வரேன் சார்" என்று சொல்லி இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் செஞ்சிக்கு வரவில்லை.